ஒரே ‘வந்தால்’, ஆங்கிலத்தில் இரண்டு: நிபந்தனை வாக்கியங்கள் குறித்து ஓர் எளிய விளக்கம்

“அவர் வந்தால் சொல்வேன்” என்னும் வாக்கியத்தைத் தமிழில் சொல்வதற்கு நாம் ஒரு கணமும் யோசிப்பதில்லை. அவர் வருவாரா மாட்டாரா, வருவதற்கு வாய்ப்பு இருக்கிறதா அறவே இல்லையா என்னும் கேள்விகளுக்கு விடை தேடாமலேயே ‘வந்தால்’ என்று தொடங்கிவிடலாம். ஆங்கிலம் அந்த வசதியைத் தருவதில்லை. ‘இஃப்’ என்று சொன்ன உடனேயே அடுத்து வரும் வினைச்சொல்லுக்கு எந்த வடிவம் என்பதை முடிவு செய்தாக வேண்டும். பார்வைக்கு அது காலத்தைப் பற்றிய முடிவுபோலத் தோன்றும். ஆனால் அங்கே நாம் தெரிவிப்பது, அந்த நிகழ்ச்சி நடக்கக்கூடியது என்று நினைக்கிறோமா, வெறும் கற்பனை என்று நினைக்கிறோமா என்பதைத்தான். தமிழ் பேசுபவர்கள் ஆங்கில நிபந்தனை வாக்கியங்களில் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

பாடநூல்கள் இவ்வாக்கியங்களை ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் கண்டிஷனல் என்று எண்ணிட்டு நான்கு வகையாகப் பிரிக்கின்றன. தேர்வுக்குப் படிப்பவருக்கு அந்த எண்கள் உதவும். ஆயினும் முதலில் எண்ணை நினைவுகூர்ந்து, பிறகு அதற்குரிய சூத்திரத்தை நினைவுகூர்ந்து, அதன்பின் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் உரையாடல் வேறிடத்துக்குப் போய்விடும். எனவே இக்கட்டுரையில் எண்களுக்குப் பதிலாக இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு செல்ல விரும்புகிறேன். நான் சொல்லப்போவது நடக்கக்கூடியதா, கற்பனையா என்பது முதல் கேள்வி. கற்பனை என்றால், அது இப்போதைக்கு உரியதா, முடிந்துபோன ஒன்றுக்கு உரியதா என்பது இரண்டாவது. ஆங்கில எடுத்துக்காட்டுகளை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அவற்றை வாய்விட்டுப் படித்தால் வாக்கியத்தின் வடிவம் காதில் தங்கும்.

வாக்கியத்தின் இரு பகுதிகள்

ஒவ்வொரு நிபந்தனை வாக்கியத்திலும் நிபந்தனையைச் சொல்லும் பகுதி ஒன்றும் அதன் விளைவைச் சொல்லும் பகுதி ஒன்றும் இருக்கின்றன. தமிழில் நிபந்தனை பெரும்பாலும் முன்னே வரும். “சொல்வேன், அவர் வந்தால்” என்பது பேச்சில் பின்னால் நினைவு வந்து ஒட்டிய துண்டுபோல ஒலிக்கும். ஆங்கிலத்தில் இரண்டு வரிசைகளும் இயல்பானவை. “இஃப் ஹீ கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்” என்றும் சொல்லலாம். “ஐ வில் டெல் ஹிம் இஃப் ஹீ கம்ஸ்” என்றும் சொல்லலாம். எழுதும்போது, நிபந்தனை முதலில் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி இட வேண்டும். விளைவு முதலில் வந்தால் பொதுவாகக் காற்புள்ளி தேவையில்லை.

தமிழில் ‘ஆல்’ என்னும் விகுதி வினையின் கடைசியில் ஒட்டுகிறது; ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்னும் தனிச்சொல் அப்பகுதியின் தலையில் நிற்கிறது. இந்த இடமாற்றம் எளிதில் பழகிவிடும். பழகாமல் நீடிப்பது வேறொன்று. “அவர் வந்தார் என்றால் நான் போவேன்” என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு “ஹீ கம்ஸ் மீன்ஸ், ஐ வில் கோ” என்று பேசும் பழக்கம் நம்மவரிடையே பரவலாக உள்ளது. தமிழில் ‘என்றால்’ இரண்டு வேலைகளைச் செய்கிறது: “திங்கள் என்றால் நிலவு” என்று சொல்லுக்குப் பொருள் கூறும், “வந்தார் என்றால்” என்று நிபந்தனையும் காட்டும். ஆங்கிலத்து ‘மீன்ஸ்’ முதல் வேலையை மட்டுமே செய்யும். இரண்டாம் வேலைக்கு ‘இஃப்’ என்னும் சொல்லைத் தவிர அங்கே இடமில்லை.

நடக்கக்கூடியவை

என்றும் எங்கும் உண்மையாக இருப்பதைச் சொல்லும்போது இரு பகுதிகளிலும் நிகழ்கால வடிவமே வரும். “இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்” என்றால் பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகும் என்பது பொருள். கடல்மட்டத்தில் தண்ணீரை 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அது கொதிக்கும் என்பதும் இதே வகைதான். பாடநூல்கள் ஜீரோ கண்டிஷனல் என்று குறிப்பிடுவது இதையே. இங்கே தமிழர் செய்யும் தவறு மெல்லியது: ‘உருகும்’, ‘கொதிக்கும்’ என்னும் வடிவங்கள் நம் காதுக்கு எதிர்காலமாகவும் கேட்பதால், “இட் வில் மெல்ட்” என்று சொல்லத் தோன்றுகிறது. அதுவும் பிழையான ஆங்கிலம் ஆகாது. ஆனால் அது குறிப்பிட்ட ஒரு தருணத்தைப் பற்றிய முன்கூட்டிய அறிவிப்பாக மாறிவிடும். “இதோ இந்தப் பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகிவிடும், கவனம்” என்று எச்சரிக்கும்போது ‘வில்’ பொருந்தும். இயற்கையின் விதியைக் கூறும்போது நிகழ்காலமே பொருந்தும். தமிழின் ‘செய்யும்’ என்னும் வடிவம் வழக்கத்தையும் எதிர்காலத்தையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் அவை இரண்டும் பிரிகின்றன.

குறிப்பிட்ட ஒரு தருணத்தைப் பற்றிப் பேசும்போது நிபந்தனையில் நிகழ்காலமும் விளைவில் ‘வில்’ என்பதும் வரும். “இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, வீ வில் ஸ்டே அட் ஹோம்”: நாளை மழை பெய்தால் வீட்டிலேயே இருப்போம். இதுவே ஃபர்ஸ்ட் கண்டிஷனல். விளைவில் ‘வில்’ மட்டுமே வர வேண்டும் என்பதில்லை. ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ ஆகியவையும் வரலாம். “இஃப் ஹீ கால்ஸ், டெல் மீ” என்று கட்டளையும் வரலாம்.

இவ்வகையில் ஆசிரியர்கள் மீண்டும் மீண்டும் திருத்த நேரும் பிழை, நிபந்தனைப் பகுதிக்குள் ‘வில்’ நுழைந்துவிடுவது. “இஃப் இட் வில் ரெயின் டுமாரோ” என்று எழுதுபவர், நாளை என்பது எதிர்காலம்தானே, எதிர்காலத்துக்கு ‘வில்’ வேண்டுமே என்று நியாயமாகவே யோசிக்கிறார். அவருக்குத் தமிழையே சான்றாகக் காட்டலாம். “நாளை மழை பெய்தால்” என்பதில் எதிர்காலத்தைக் காட்டும் உறுப்பு ஏதாவது இருக்கிறதா? ‘பெய்யும்’ என்பதோடு ‘ஆல்’ சேர்த்து ஒரு சொல்லை நாம் உருவாக்குவதில்லை. விளைவுப் பகுதியில் உள்ள ‘இருப்போம்’ என்னும் வினையே காலத்தைச் சொல்லிவிடுகிறது. நிபந்தனைப் பகுதி காலச் சுமையின்றி நிற்கிறது. ஆங்கிலமும் அவ்வாறே செய்கிறது.

ஆனால் “ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்” என்னும் வாக்கியத்தைப் படிக்கும் மாணவர், இங்கே ‘இஃப்’ என்பதற்குப் பின் ‘வில்’ வந்திருக்கிறதே என்று குழம்புவார். அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் குழப்பம் தீரும்: “அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது.” இங்கே ‘வந்தால்’ இல்லை, ‘வருவாரா என்று’ இருக்கிறது. இந்த ‘இஃப்’ ஐயத்தைக் காட்டுவது. ‘வெதர்’ என்னும் சொல்லையும் இந்த இடத்தில் போடலாம். ஆகவே தமிழில் ‘ஆல்’ வந்தால் ஆங்கிலத்தில் ‘வில்’ வேண்டாம். தமிழில் ‘ஆ என்று’ வந்தால் ‘வில்’ வரலாம். இந்தச் சோதனை ஏறத்தாழ எல்லா இடங்களிலும் கைகொடுக்கும். விதிவிலக்காக, “இஃப் யூ வில் வெயிட் எ மொமன்ட், ஐ வில் கால் ஹிம்” என்று பணிவாகக் கேட்கும்போது நிபந்தனையிலும் ‘வில்’ வருவதுண்டு. அங்கே அது காலத்தைக் காட்டாமல், காத்திருக்க இசைவீர்களானால் என்று, எதிரில் இருப்பவரின் இசைவைச் சுட்டுகிறது.

‘இஃப்’, ‘வென்’ ஆகிய இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நோயுற்றிருக்கும் நண்பரிடம் “வென் யூ கெட் வெல், வீ வில் டிராவல் டுகெதர்” என்றால், நீங்கள் குணமானதும் சேர்ந்து பயணம் போவோம் என்று ஆகும். குணமாவதில் ஐயமே இல்லை. “இஃப் யூ கெட் வெல்” என்றால் ஐயம் எட்டிப்பார்க்கும். “இஃப் யூ காட் வெல், வீ வுட் டிராவல்” என்று சொல்லிவிட்டால், நீங்கள் குணமாவது நடக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். தமிழில் ‘குணமானால்’ என்று நாம் நல்லெண்ணத்தோடு சொல்வதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறோம் என்பதில் இவ்வளவு அடங்கியிருக்கிறது. நிபந்தனை வாக்கியங்களை இலக்கணப் பயிற்சித்தாளோடு விட்டுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

கற்பனையானவை

“எனக்கு அரபு மொழி தெரிந்தால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுவேன்” என்று ஒருவர் சொல்கிறார். அவருக்கு அரபு தெரியாது. அது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆங்கிலத்தில் இதை “இஃப் ஐ ந்யூ அரபிக், ஐ வுட் ரீட் திஸ் லெட்டர் டு யூ” என்று சொல்ல வேண்டும். நிபந்தனையில் இறந்தகால வடிவம், விளைவில் ‘வுட்’, அதன்பின் வினையின் மூல வடிவம். செகண்ட் கண்டிஷனல் என்பது இதுவே.

இங்கே எழும் முதல் கேள்வி, இன்றைய நிலையைப் பற்றிப் பேசும்போது இறந்தகாலம் ஏன் என்பது. ‘ந்யூ’ என்றதும் முன்பு தெரிந்திருந்தது, இப்போது மறந்துவிட்டது என்று பொருள்கொள்ளத் தோன்றும். அவ்வாறு தோன்றும்போதும் தமிழுக்கே திரும்பிப் பார்க்கலாம். ‘வந்தேன்’, ‘வந்த’, ‘வந்தால்’ ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ‘வந்தால்’ என்பதும் இறந்தகால அடியிலிருந்தே பிறந்திருக்கிறது. ஆயினும் “நாளை வந்தால்” என்று சொல்லும்போது எவரும் திகைப்பதில்லை. நன்னூல் ‘செயின்’ என்னும் பழைய நிபந்தனை வாய்பாட்டை எதிர்கால வினையெச்சங்களோடு சேர்க்கிறது. இன்று நாம் வழங்கும் ‘செய்தால்’ இறந்தகால உடையை அணிந்துகொண்டு அதே வேலையைச் செய்கிறது. இறந்தகால வடிவம் இறந்தகாலத்தைக் குறிக்காமலும் நிற்க முடியும் என்பதைத் தமிழ் பேசும் ஒவ்வொருவரும் அறியாமலேயே அறிந்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் அந்த வடிவம் காட்டுவது தொலைவு. நேற்று என்பது இன்றிலிருந்து விலகி நிற்கிறது. கற்பனை என்பது நடப்பிலிருந்து விலகி நிற்கிறது. இரண்டு விலகலுக்கும் ஒரே வடிவத்தை ஆங்கிலம் பயன்படுத்துகிறது. பணிவும் ஒரு வகை விலகல்தான். ‘வில் யூ’ என்பதைவிட ‘வுட் யூ’ பணிவாகவும், ‘கேன் யூ’ என்பதைவிட ‘குட் யூ’ பணிவாகவும் ஒலிப்பதற்கு இதுவே அடிப்படை. நாமும் பெரியவர் ஒருவரிடம் உதவி கேட்கச் சென்று, அவர் எதிரில் நின்றுகொண்டே “உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்” என்கிறோம். கேட்க விரும்புவது இப்போதுதான், ஆனால் ‘வந்தேன்’ என்னும் இறந்தகாலம் அந்தக் கோரிக்கையைச் சற்றே தள்ளி வைத்து மென்மையாக்குகிறது.

‘பீ’ என்னும் வினை மட்டும் தனித்து நடக்கிறது. “இஃப் ஐ வெர் யூ” என்பது உங்கள் நிலையில் நான் இருந்தால் என்று பொருள்படும். ‘ஐ’ என்பதற்குப் பின் ‘வாஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘வெர்’ வருவது, கற்பனைக்கென்று தனி வினைவடிவங்கள் வைத்திருந்த பழைய ஆங்கிலத்தின் எச்சம். ‘ஹீ’, ‘ஷீ’, ‘இட்’ ஆகியவற்றுக்குப் பின்னும் எழுத்து நடையில் ‘வெர்’ என்றே எழுதுவது சிறப்பு. பேச்சில் ‘வாஸ்’ என்பதும் தாராளமாக வழங்குகிறது. ஆயினும் “இஃப் ஐ வெர் யூ” என்பது மட்டும் ஏறக்குறைய உறைந்துபோன தொடர். அதை மாற்றாமல் அப்படியே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே நிகழ்ச்சியை இருவர் இரு வடிவங்களில் சொல்லலாம் என்பதையும் மறக்கக் கூடாது. நேர்காணல் நன்றாக முடிந்தது என்று நம்புபவர் “இஃப் தே ஆஃபர் மீ த ஜாப், ஐ வில் டேக் இட்” என்பார். விண்ணப்பிக்கவே தயங்குபவர் “இஃப் தே ஆஃபர்ட் மீ த ஜாப், ஐ வுட் டேக் இட்” என்பார். வேலை ஒன்றே, வாக்கியங்கள் இரண்டும் சரியானவையே. மாறுவது பேசுபவரின் மதிப்பீடு. அதனால்தான் “இந்தத் தமிழ் வாக்கியத்துக்குச் சரியான ஆங்கிலம் எது” என்று மாணவர் கேட்கும்போது, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்” என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

‘விஷ்’ என்னும் வினைக்குப் பின்னும் இதே பின்னோக்கிய நகர்வு நிகழ்கிறது. “ஐ விஷ் ஐ ந்யூ அரபிக்” என்றால் எனக்கு அரபு தெரிந்திருந்தால் நன்றாக இருக்குமே என்னும் ஏக்கம். இங்கும் ‘நோ’ வராது, ‘ந்யூ’ தான் வரும்.

முடிந்துபோனவை

சூத்திரமாகப் பார்த்தால் தேர்ட் கண்டிஷனல்தான் மிக நீளமானது; அதனாலேயே மாணவர் அதைக் கண்டு அஞ்சுகிறார்கள். தமிழ் பேசுபவருக்கு அது மிக எளிதானது என்பது என் எண்ணம். “நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்” என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘சொல்லி’ என்பதோடு ‘இருந்தால்’, ‘வந்து’ என்பதோடு ‘இருப்பேன்’. ஆங்கிலத்தில் “இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்.” தமிழில் ‘இரு’ என்னும் துணைவினை எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்னும் துணைவினை நிற்கிறது. ‘இருந்தால்’ என்பதற்கு ஈடாக ‘ஹேட்’. ‘இருப்பேன்’ என்பதற்கு ஈடாக ‘வுட் ஹேவ்’. முதன்மை வினை இரண்டு இடங்களிலும் மூன்றாம் வடிவத்தில் வருகிறது. இரண்டு மொழிகளும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. இருந்தும் இந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பொருந்துகின்றன.

இப்பொருத்தத்துக்குள் ஒரு கண்ணியும் உண்டு. “அவர் நேற்று வந்திருந்தால் கடிதத்தைப் பார்த்திருப்பார்” என்னும் வாக்கியத்தைப் படியுங்கள். அவர் வந்தாரா? தமிழ் வாக்கியம் அதைச் சொல்லவில்லை. அவர் வரவில்லை, அதனால் பார்க்கவில்லை என்று வருத்தப்பட்டும் இதைச் சொல்லலாம். வந்தாரா என்பது எனக்குத் தெரியாது, வந்தார் என்றால் நிச்சயம் பார்த்திருப்பார் என்று ஊகித்தும் இதையே சொல்லலாம். சூழலும் குரலும் நமக்குப் பொருளைப் பிரித்துக் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வாக்கியங்கள். வரவில்லை என்று அறிந்து சொல்வது “இஃப் ஹீ ஹேட் கம் யெஸ்டர்டே, ஹீ வுட் ஹேவ் ஸீன் த லெட்டர்.” வந்தாரா என்று அறியாமல் ஊகிப்பது “இஃப் ஹீ கேம் யெஸ்டர்டே, ஹீ வில் ஹேவ் ஸீன் த லெட்டர்.” இரண்டாம் வாக்கியத்தில் உள்ள ‘கேம்’ உண்மையான இறந்தகாலம், கற்பனையைக் காட்டும் இறந்தகாலம் அன்று. ‘இஃப்’ என்பதை அடுத்து இறந்தகால வடிவம் வந்தாலே அது கற்பனை என்று மனப்பாடம் செய்தவர் இங்கே ஏமாந்துபோவார். விளைவுப் பகுதியில் ‘வுட்’ இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பான வழி. ‘வுட்’, ‘குட்’, ‘மைட்’ ஆகியவற்றில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் கற்பனை.

விளைவு எந்த அளவுக்கு உறுதி என்பதையும் இந்தத் துணைவினைகளே காட்டுகின்றன. “ஐ வுட் ஹேவ் கம்” என்றால் வந்திருப்பேன். “ஐ குட் ஹேவ் கம்” என்றால் வந்திருக்க முடியும். “ஐ மைட் ஹேவ் கம்” என்றால் ஒருவேளை வந்திருப்பேன்.

இவ்வகையில் நிகழும் பிழைகளில் முதன்மையானது, நிபந்தனைப் பகுதியிலும் ‘வுட் ஹேவ்’ போடுவது. “இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ” என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிலருடைய பேச்சிலும் கேட்கும். ஆனால் எழுத்து நடையில் அது பிழையாகவே கொள்ளப்படும். மற்றொரு சிக்கல் காதுக்கு உரியது. விரைவான பேச்சில் ‘ஐ ஹேட்’, ‘ஐ வுட்’ ஆகிய இரண்டுமே ‘ஐட்’ என்று குறுகிவிடும். எது எது என்று அறிய அடுத்த சொல்லைக் கவனிக்க வேண்டும்: வினையின் மூன்றாம் வடிவம் வந்தால் அது ‘ஹேட்’, மூல வடிவமோ ‘ஹேவ்’ என்னும் சொல்லோ வந்தால் அது ‘வுட்’. அந்த ‘ஹேவ்’ என்பதும் தேய்ந்து ‘அவ்’ என்று ஒலிப்பதால், ஆங்கிலேயக் குழந்தைகளும் பெரியவர்களில் சிலரும் அதை ‘ஆஃப்’ என்னும் வேற்றுச் சொல்லாக எழுதிவிடுகிறார்கள். காதால் கேட்டு மட்டுமே மொழி பழகுபவர் இந்த ஓர் இடத்தில் எழுத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிபந்தனை நேற்றைக்கும் விளைவு இன்றைக்கும் உரியதாக இருந்தால், இரண்டு வடிவங்களையும் கலந்துகொள்ளலாம். “இஃப் ஐ ஹேட் லேர்ன்ட் டு ஸ்விம் அஸ் எ சைல்ட், ஐ வுட் நாட் பி அஃப்ரெய்ட் ஆஃப் வாட்டர் நௌ”: சிறுவயதில் நீச்சல் கற்றிருந்தால் இப்போது தண்ணீரைக் கண்டு அஞ்சமாட்டேன். கற்காதது அன்று, அச்சம் இன்று. மறுதலையாக, என்றுமுள்ள இயல்பு நிபந்தனையாகவும் முடிந்த நிகழ்ச்சி விளைவாகவும் வரலாம்: “இஃப் ஐ வெர் மோர் கேர்ஃபுல், ஐ வுட் நாட் ஹேவ் லாஸ்ட் த கீ.” நான் கவனமானவனாக இருந்தால் சாவியைத் தொலைத்திருக்கமாட்டேன். இதைப் பாடநூல்கள் கலப்பு வகை என்று தனியே பிரிக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் அது எந்தக் காலத்துக்கு உரியது என்று தனித்தனியே கேட்டுக்கொண்டால் தனிப் பெயர் தேவைப்படாது.

‘ஆலும்’, ‘ஆவிட்டால்’, ‘ஆல்தான்’

‘ஆல்’ என்னும் விகுதியோடு ‘உம்’ சேர்ந்தால் ஆங்கிலத்தில் இரண்டு சொற்களுக்கு இடையில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. “மழை பெய்தாலும் போவேன்”, “மழை பெய்தாலும் போனேன்” ஆகிய இரண்டையும் பாருங்கள். முன்னதில் மழை பெய்யுமா என்று தெரியாது, எனவே “ஈவன் இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் கோ.” பின்னதில் மழை பெய்தே விட்டது, எனவே “ஈவன் தோ இட் ரெயின்ட், ஐ வென்ட்”, அல்லது ‘ஆல்தோ’. தமிழில் ‘பெய்தாலும்’ மாறவில்லை. ‘போவேன்’, ‘போனேன்’ என்னும் முற்றுவினைகளே வேறுபாட்டைத் தாங்குகின்றன. வாக்கியத்தின் கடைசி வினையைத் தமிழில் முடிவு செய்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்தின் முதல் சொல்லுக்குப் போவது நல்ல பழக்கம்.

‘வராவிட்டால்’ என்பதற்கு ‘இஃப்’ என்பதோடு எதிர்மறையும் போடலாம், ‘அன்லெஸ்’ என்னும் சொல்லும் போடலாம். “இஃப் ஹீ டஸ் நாட் கம், ஐ வில் லீவ்” என்பதும் “அன்லெஸ் ஹீ கம்ஸ், ஐ வில் லீவ்” என்பதும் ஏறத்தாழ ஒன்றே. ‘அன்லெஸ்’ தனக்குள்ளேயே எதிர்மறையைக் கொண்டிருப்பதால் அதன்பின் மீண்டும் ‘நாட்’ சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். கற்பனையான நிபந்தனைகளுக்கு இச்சொல் பெரும்பாலும் பொருந்தாது. “நான் நோயுறாமல் இருந்தால் உன்னோடு வருவேன்” என்பதை “இஃப் ஐ வெர் நாட் இல், ஐ வுட் கம் வித் யூ” என்றே சொல்ல வேண்டும்.

‘வந்தால்தான்’ என்பது ‘ஒன்லி இஃப்’. சொற்களின் வரிசையை மாற்றி ‘இஃப் ஒன்லி’ என்றால் அது ஏக்கமாகிவிடும்: “இஃப் ஒன்லி ஹீ ஹேட் கம்” என்பது அவர் மட்டும் வந்திருந்தால் என்று பெருமூச்சோடு நிறுத்தும் வாக்கியம்.

‘இன் கேஸ்’ என்னும் தொடரை ‘இஃப்’ என்பதற்கு மாற்றாகப் பலர் நினைக்கிறார்கள், அது வேறு. “டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்” என்றால் மழை வரக்கூடும், ஆகவே இப்போதே குடையை எடுத்துக்கொள் என்று பொருள். “டேக் அன் அம்ப்ரெல்லா இஃப் இட் ரெயின்ஸ்” என்றால் மழை பெய்தால் எடுத்துக்கொள், இல்லையேல் வேண்டாம் என்று பொருள். முதலாவது முன்னெச்சரிக்கை, இரண்டாவது நிபந்தனை.

முறையான கடிதங்களில் ‘இஃப்’ மறைந்து, துணைவினை வாக்கியத்தின் தலைக்கு ஏறிவிடுவதும் உண்டு. “ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் ரிட்டன் டு யூ” என்பது “இஃப் ஐ ஹேட் நோன்” என்பதன் மாற்றுருவம். “ஷுட் யூ நீட் எனி ஹெல்ப், ப்ளீஸ் ரைட் டு மீ” என்பது அலுவல் மின்னஞ்சல்களில் அடிக்கடி வரும். கற்கத் தொடங்குபவர் இவற்றை எழுத வேண்டிய கட்டாயமில்லை. படிக்கும்போது கேள்வி வாக்கியம் என்று மயங்காமல் இருந்தால் போதும்.

பயிற்சிக்கு நீளமான பட்டியல் தேவையில்லை. நீங்கள் நாள்தோறும் சொல்லும் ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்து, வெவ்வேறு மனநிலைகளில் அதைச் சொல்லிப் பாருங்கள். “நேரம் இருந்தால் வருவேன்” என்பதை எடுத்துக்கொள்வோம். மாலையில் வேலை முடிந்துவிடும் என்று நம்புகிறீர்கள்: “இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்.” மேசை நிறைய வேலை குவிந்திருக்கிறது, வர வழியே இல்லை: “இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்.” மறுநாள் காலையில் நண்பரைச் சந்தித்து, நேற்று வர இயலாமல் போனதைச் சொல்கிறீர்கள்; தமிழில் இப்போதுதான் வாக்கியம் “நேரம் இருந்திருந்தால் வந்திருப்பேன்” என்று மாறுகிறது: “இஃப் ஐ ஹேட் ஹேட் டைம், ஐ வுட் ஹேவ் கம்.” அந்தக் கடைசி வாக்கியத்தில் ‘ஹேட்’ இருமுறை வருவது அச்சுப்பிழையன்று, முதலாவது துணைவினை, இரண்டாவது முதன்மை வினையின் மூன்றாம் வடிவம். “இருந்திருந்தால்” என்பதில் நாம் ‘இரு’ என்பதை இருமுறை சொல்வதும் அவ்வாறே.